லாக் போடாத நிரலும் ஒரு டம்ளர் மோரும்

செம்பட்டியில் பூக்களைச் சேமிக்கும் குளிர்கிடங்கின் குளிரூட்டலை இயக்கும் கணினியில், அதன் உள்மையமான கெர்னலின் ஒவ்வொரு அசைவையும் மெமரியில் குறித்துவைக்கும் நிரல் நான் எழுதியது. நிரலின் ஒரு பகுதி அந்த மெமரியைப் படிக்கும்போது இன்னொரு பகுதி அதை அழித்துவிடாதபடி லாக், அதாவது பூட்டு, போட வேண்டும். நான் போடவில்லை. கணினி அடிக்கடி இயங்காமல் உறைந்தது. காரணம் தேட, நடப்பதைத் திரையில் காட்டும் நாலு பிரிண்ட் வரிகள் சேர்த்தேன். அவற்றால் நிரலின் ஓட்டம் மந்தமானதில் கோளாறு தலைகாட்டவில்லை. சரியாகிவிட்டது என்று அப்படியே அனுப்பிவிட்டேன்.

பூ வரத்து கூடிய வாரத்தில் கணினி மறுபடி உறைந்தது, குளிரூட்டலும் நின்றுபோனது. கிடங்கைத் திறந்தால் அழுகிய மல்லிகை நாற்றம். “கரண்டுக் கோளாறு” என்றேன், வாய் கூசாமல்.

“நீங்க என்ன செய்வீக தம்பி, எங்க ஊரு கரண்டு அம்புட்டுத்தேன். செத்த நேரம் உக்காருங்க” என்று, பூவைப் பறிகொடுத்த விவசாயி மோர் கொடுத்தார்.

குடித்தேன்.

பிறகு லாக் போட்டேன், இரண்டே வரி. அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. பக்கத்தில் யாராவது மல்லிகை வைத்திருந்தால் எழுந்து விலகிப் போய்விடுகிறேன். பூவால் அல்ல.