என் பல்லை ஆட்டிப் பார்த்தவர்கள்

பித்தளைச் சாவியை நக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய அந்த ருசிதான் மூன்று வாரம் என் வாயில் இருந்தது… கூடவே கிராம்புத் தைல வாசனை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில். எனக்குப் பதினாலு வயது. மயிலாப்பூரில் பள்ளிக்கூட மைதானத்தில் பால் பேட்மிண்டன் ஆடும்போது, கூட ஆடினவளின் மட்டை நேராக என் மேல்வரிசை முன்பல்லில் பட்டது. வெளியே பார்த்தால் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டால் ஆடியது.

மாம்பலத்துப் பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஈறுக்குள் இருக்கும் வேரின் குறுக்கே தலைமுடி மாதிரி ஒரு கோட்டைக் காட்டினார். வேர் முறிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் வேறு யாராக இருந்தாலும் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். இவர் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் கட்டினார்.

"கை ஒடிஞ்சா கட்டுப் போடறோமில்லையா, அது மாதிரிதான். மூணு மாசம் அசையாம இருந்தா பல்லு பொழைச்சுக்கும். யாரும் தொடக் கூடாது" என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

யாரும் தொடக் கூடாதாம்! எங்கள் வீட்டிலா?

வந்தவர் போனவர் எல்லோருக்கும் என் வாய்தான் கண்காட்சி. "எங்கே, ஆ காட்டு… இன்னும் ஆடறதாடி?" காபி குடித்த கையோடு விரலை விட்டு ஆட்டிப் பார்ப்பார்கள். அக்கறையாம், அக்கறை! பெரியவர்களிடம் மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. நானும் வாயைத் திறந்தேன்… ஒவ்வொரு தடவையும். டாக்டரிடம் கூட்டிப்போன ரிக்‌ஷாக்காரர் ஒருவர்தான், "வாயை மூடிக்கினு குந்து கண்ணு, காத்து பட்டா வலிக்கும்" என்றதோடு விட்டார்.

நான்காவது வாரம் அத்திம்பேர் வந்தார். அப்பாவின் அக்காவைக் கட்டியவர். வீட்டு மாப்பிள்ளை என்பதால் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இத்தனை நாளாச்சே, இன்னும் என்ன கம்பி?" என்று இரண்டு விரலால் பல்லைப் பிடித்து முறுக்கினார். கம்பி அவிழ்ந்தது. வாயெல்லாம் ரத்தம். அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

மறுநாள் டாக்டர் பார்த்த உடனே கேட்டார். "யார் கை வெச்சது?"

அப்பா சொன்னார்: "குழந்தைதான் டாக்டர்… நாக்கால ஆட்டிண்டே இருந்தா."

என் வாயில் பஞ்சு. பேச முடியவில்லை. டாக்டர் என்னைப் பார்த்த பார்வை… அவரும் நம்பிவிட்டார். "இனிமே நிக்காது" என்று பல்லைப் பிடுங்கினார்.

பல் போனது ஒரு பக்கம். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மாப்பிள்ளையின் மரியாதை கெடக் கூடாது. பதினாலு வயதுப் பெண் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம்!

போன மாதம் தம்பியின் பேத்தி பாஸ்கெட்பால் ஆடி, இதே மாதிரி முன்பல் வேரை முறித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் பல் நிறத்திலேயே பசை, அதில் ஒரு மெல்லிய கம்பி… அரைமணி நேரத்தில் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று அடையாறு ஃபிளாட்டுக்குப் போனேன்.

"ரொம்ப ஆடறதாடி?" என்று நானே… ஆமாம், நானேதான், கையை நீட்டிவிட்டேன்.

பட்டென்று தட்டிவிட்டாள். "தொடாதீங்கோ அத்தைப்பாட்டி. டாக்டர் சொல்லியிருக்கார்."

அவள் அம்மா பதறிப்போய், "பெரியவாளை இப்படியா தள்றது? சாரி சொல்லு!" என்றாள்.

"அவளை ஒரு வார்த்தை சொல்லாதே! அவ வாய், அவ பல்லு. நீ அவ பக்கம் நில்லு!" என்று கத்திவிட்டேன்.

அந்த அம்மா அரண்டுபோய்விட்டாள், பாவம். நான் கத்தியது என் அப்பாவிடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?