உப்பு இல்லாத நாளிலும் மின்னிய கண்

"ஏண்டி மலரு, பாப்பாவுக்கு ஒரு கண்ணு மட்டும் ஏன் இப்படி வெள்ளையா மின்னுது?"

முதல் பிறந்தநாள் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்த மேரிசெல்விதான் கேட்டாள். மலர்கொடி எங்கள் தெருக்காரி.

இருவரும் மரக்காணம் உப்பளத்தில் ஒன்றாக உப்பு வாருகிறவர்கள். படத்தில் மலர்கொடியின் மகள் சந்தியா கேக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணில், பிளாஷ் அடித்தால் எல்லாருக்கும் விழுகிற மாதிரி, சின்னதாகச் சிவப்புப் புள்ளி. இடது கண்ணில் வெள்ளை வெளிச்சம்.

"புலிக்குட்டி ஏதாவது பெத்து வச்சிருக்கியா?" என்று மேரிசெல்வி சிரித்தாள். மலர்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசித்து யோசித்து அவளே ஒரு பதிலைக் கண்டுபிடித்தாள். கைக்குழந்தையிலிருந்தே சந்தியாவை அளத்து வரப்பில், குடைக்குக் கீழே படுக்க வைத்துத்தான் அவள் வேலை பார்த்தாள். வெயிலில் உப்பு கண்ணைப் பறிக்கும். பெரியவர்களுக்கே கண் கூசி நீர் வடியும். "உப்பு வெளிச்சம் பாப்பா கண்ணுல எறங்கிடுச்சு" என்றாள். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அளத்துக்காரர்களுக்கு அது நம்ப முடியாத விஷயம் இல்லை.

அன்றிலிருந்து குழந்தையை அளத்துக்குத் தூக்கிப் போவதை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக் குப்பம்மாளிடம் விட்டுப் போனாள். உப்பைப் பார்க்காமல் இருந்தால் கண் தானாகத் தெளிந்துவிடும் என்று காத்திருந்தாள். சந்தியா நடக்கும்போது தன் இடது பக்கம் இருக்கிற கதவில், சுவரில் இடித்துக்கொண்டாள். நடக்கக் கற்கிற குழந்தை இடிக்கத்தானே செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் வேலை நடுவே கை நின்றுவிடும்.

ஐப்பசி மழை பிடித்தது. பாத்திகள் எல்லாம் மூழ்கி, அளம் முழுவதும் கலங்கிய தண்ணீராகக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு பிடி உப்பு இல்லை. வேலை இல்லாமல் வீட்டிலிருந்த கணவன் சரவணகுமார், வாசலில் மழை பார்த்துக்கொண்டிருந்த மகளை விளையாட்டாகப் படம் எடுத்தான். எடுத்ததைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தான்.

"மலரு, இங்க வா. உப்பே இல்லியே. இது எங்கேந்து வருது?"

அதே வெள்ளை. இன்னும் பெரியதாக.

மலர்கொடி குழந்தையை மடியில் போட்டு இடது கண்ணைக் கையால் மூடினாள். சந்தியா சிரித்தாள். வலது கண்ணை மூடினாள். குழந்தை அலறிக்கொண்டு அந்தக் கையைத் தள்ளியது.

மறுநாள் காலையே அவளும் சரவணகுமாரும் குழந்தையோடு புதுச்சேரி பஸ் ஏறினார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சென்னையில் பெரிய கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சென்னையில் இருந்த பெண் மருத்துவரிடம் மலர்கொடி முதலில் கேட்டது இதைத்தான்:

"உப்பு வெளிச்சத்தால வந்ததுதானே மேடம்?"

"இல்லமா. உப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடயாது. விழித்திரையில ஒரு கட்டி. சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற புற்றுநோய்."

"கண்ண எடுத்துடுவீங்களா?" சரவணகுமார் முந்திக்கொண்டு கேட்டான்.

"முன்னெல்லாம் பெரும்பாலும் அதான் வழி. இப்ப நெறைய குழந்தைங்களுக்கு எடுக்காமலே பாக்கறோம். தொடை ரத்தக்குழாய் வழியா நூல் மாதிரி ஒரு குழாய விட்டு, கண்ணுக்குப் போற குழாய் வரைக்கும் கொண்டுபோய், மருந்த அங்கேயே குடுப்போம்."

மலர்கொடி கொஞ்சம் யோசித்தாள். "மத்தப் பாத்திய அடச்சிட்டு ஒரு பாத்திக்கு மட்டும் தண்ணி தொறந்து விடற மாதிரிங்களா?"

"ஆமா, அதே மாதிரிதான்."

"சரியாயிடுமா மேடம்?"

"மொதல்ல உயிரு. அப்புறம் கண்ணு. அதுக்கப்புறம்தான் பார்வை. அந்த வரிசையிலதான் காப்பாத்தப் பாப்போம்."

இந்தக் கட்டியைக் குத்தி எடுத்துச் சோதித்தால் பரவிவிடும் ஆபத்து உண்டாம். அதனால் கண்ணின் முன்பக்கம் இருக்கும் நீரில் துளி எடுத்து, அதிலேயே கட்டியின் மரபணுத் தடயத்தைத் தேடும் ஆராய்ச்சி இப்போது நடக்கிறது என்றும் அவர் சொன்னார். அந்த நாட்களில் மலர்கொடியின் காதில் விழுந்ததெல்லாம் உயிர் என்ற ஒரு சொல்தான்.

சில முறை மருந்து கொடுத்ததும் கட்டி சுருங்கியது. சந்தியா இருக்கிறாள். கண்ணும் இருக்கிறது. அந்தக் கண்ணில் பார்வை திரும்புமா என்று இன்னும் யாரும் உறுதி சொல்லவில்லை. அடுத்த பரிசோதனைக்குத் தேதி நெருங்கினால் மலர்கொடிக்குச் சோறு இறங்காது. "மழை வர்ற வரைக்கும் காத்திருக்காம வந்திருந்தா பார்வையும் தப்பிச்சிருக்குமா மேடம்?" என்று ஒரு முறை கேட்டாள். மருத்துவர் அவள் தோளில் கை வைத்து, "இப்ப தெரிஞ்சுடுச்சு இல்ல, மத்தவங்களுக்குச் சொல்லு" என்றார்.

அவள் அளத்தில் எல்லாரிடமும் சொல்கிறாள். அளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக நான் எழுதுகிறேன். வாசித்தவர்கள், கைக்குழந்தை இருக்கிற ஒரு வீட்டுக்காவது இந்தக் கதையைக் கொண்டுபோங்கள். படத்தில் ஒரு கண் வெள்ளையாக மின்னினால் காரணம் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம், அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.