நாடா திரும்பிய கள்ளி

டெல்ஃபினா பிராகமோன்டேவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. செப்புச் சுரங்கத் தொழிலாளிக்கு மகளாய்ப் பிறந்து, சுரங்கம் மூடிய ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாய் விட்டு நகர்ந்து வளர்ந்தவள். டார்ட்டியா ரொட்டியை நின்றபடியே தின்பாள். தேவாலயப் பூசையில் கடைசி வரிசையில் வாயிலோரம் அமர்வாள்.

பாலைநில நகரான டூசானுக்கு மேற்கே மனை பிரிப்பவர் எவராயினும், அங்கு மரம்போல் ஓங்கி நிற்கும் சாகுவாரோக் கள்ளிகளைத் தம் விருப்பம்போல் வெட்டியெறிய விதி இடங்கொடாது. நின்ற இடத்திலேயே காக்க வேண்டும். இயலாதெனில் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டும். அவ்வாறு பெயர்த்து நடுவதே அவள் தொழில். காலஞ்சென்ற கணவன் விட்டுப்போன பாரந்தூக்கி வண்டியும், கள்ளியைத் தாங்கும் இரும்புத் தொட்டிலும், அதில் விரிக்கும் பழங்கம்பளங்களும், இரண்டு கூலியாட்களுமே அவளது முதல்.

அத்தொழில் அவளது இயல்பான பதைப்பை இரட்டிப்பாக்கிற்று. சாகுவாரோ உடலுக்குள் நீரைத் தேக்கி வாழ்வது. வேர் செத்த பின்னும் ஆண்டுக்கணக்கில் பசுமை குன்றாது நிற்கும், பூக்கவும் பூக்கும், பின்னர் ஒருநாள் காற்றில் சாயும். பிழைத்ததா இல்லையா என்பதை நட்டவளாலும் உடனே அறிய இயலாது. ஆதலால் காற்று எழும் நாள்தோறும் வண்டியை எடுத்துக்கொண்டு, தான் நட்டவற்றைப் பார்த்துவரப் புறப்பட்டுவிடுவாள்.

பெயர்க்குமுன் கள்ளியின் தெற்கு முகத்தில் சிவப்பு நாடா கட்டுவது அத்தொழிலின் வழக்கம். நெடுங்கால வெயிலை ஏற்ற அப்பக்கத்துத் தோல் தடித்திருக்கும்; வடபுறத் தோலோ பிள்ளைக் கன்னம் போன்றது. புதுக் குழியிலும் நாடா தெற்கையே நோக்க வேண்டும். திரும்பினால் மெல்லிய பக்கம் வெந்துவிடும்.

அவ்வாண்டு வேனிலின் தொடக்கத்தில், கைகள் எனப்படும் ஐந்து கிளைகளையும் தெற்கே நீட்டி நின்ற பெருங்கள்ளி ஒன்றைப் பெயர்த்து, புதிய குடியிருப்பின் நுழைவாயிலுக்குக் கொண்டுவந்தாள். தொட்டிலில் அது குழிக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தபோது மனை மேலாளர் ட்ரெவர் ஹாலிஸ் வந்து சேர்ந்தார்.

"டெல்ஃபினா, கையெல்லாம் அந்தப் பக்கம் போகுது. ரோட்டுல வர்றவனுக்கு வெறும் முதுகுதான் தெரியும். திருப்பி வைங்க."

"நாடா தெற்கே பாக்கணும் சார்."

"ரோடு வடக்கே இருக்கே! ரோட்டையா பேத்து வைக்கச் சொல்றீங்க?" என்று சிரித்தவர், குரலைத் தாழ்த்தினார். "அடுத்த கட்ட வேலையும் உங்களுக்குத்தான்னு நினைச்சிருந்தேன்."

கூலியாட்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்தனர். அவள் கையை மெல்லச் சுழற்றிக் காட்டினாள். கள்ளி திரும்பியது. நாடா வடக்கே போயிற்று.

அன்றுமுதல் எவ்வேலைக்குப் புறப்பட்டாலும் அவள் வண்டி அவ்வாயில் வழியாகவே சென்றது. வெயில் முற்ற முற்ற, தெற்கே திருப்பப்பட்ட மென்தோலில் வெளிர்மஞ்சள் படர்ந்தது. திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் வெர்னா அன்டோனை உடன் அழைத்துப்போய்க் காட்டினாள். வெர்னா அந்நிலத்தின் தொல்குடியான ஓதாம் குலத்தவள்; சாகுவாரோக்களையும் மனிதர் என்றே மதிக்கும் குடி. டெல்ஃபினாவின் மகனுக்கு ஞானத்தாயாக நின்றவள் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றே அழைப்பர்.

வெர்னா கள்ளியைச் சுற்றி வந்தாள். "இந்த ஆளைத் திருப்பி நிறுத்தியிருக்கே. தெரிஞ்சு செஞ்சியா, தூங்கிட்டியா?"

"தெரிஞ்சுதான் கொமாத்ரே."

"தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்."

"மறுபடி திருப்பிடட்டுமா?"

"உன் புருஷனை ஆஸ்பத்திரியில ரெண்டாந்தரம் அறுத்தாங்களே, எழுந்து வந்தானா?"

டெல்ஃபினா முணுமுணுத்தாள்: "வெயில் படாம மூடற நிழல்துணி வண்டியிலேயே கெடக்கு. ஒரு வாரமா கெடக்கு. போட்டா, நான் கெடுத்தேன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். நாளைக்குத் திறப்பு விழா வேற."

"அப்படிச் சொல்லு. வெயில்ல நிக்கிறது அது, வேர்க்கிறது உனக்கு."

மறுநாள் காலை, விருந்தினர் வரத் தொடங்கிய வேளையில், நுழைவாயிலில் ஏணி சார்த்தியிருந்தது. அதன் உச்சியில் நின்று, பழுப்புத் துணியைப் பெருங்கள்ளியின் தென்புறத்தில் போர்த்திக்கொண்டிருந்தாள் டெல்ஃபினா. ட்ரெவர் ஓடிவந்தார்.

"என்ன இது? என் வாசல்ல துணி காயப்போடுறீங்களா?"

"வெந்துக்கிட்டிருக்கு சார். திருப்பி நட்டது நான்தான். அப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"எடுங்க முதல்ல. சாயங்காலம் போட்டுக்கலாம்."

"சாயங்காலம் வெயில் இருக்காது சார்."

"அடுத்த கட்டத்தை மறந்துடுங்க!"

"சரி சார். ஏணி ஆடுது, கொஞ்சம் பிடிச்சுக்குங்க. இன்னும் ஒரு முடிச்சு பாக்கி."

வந்தவர் கண்முன் சண்டையிட மனமின்றி, பல்லைக் கடித்தபடி அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கட்ட வேலையை அவர் வேறொருவருக்கே கொடுத்தார்.

அம்மாதம் வெர்னா சாகுவாரோப் பழம் பறித்துத் திரும்புகையில், தன் குலத்தார் மழை வேண்டிச் செய்வதுபோல், தின்ற பழத்தின் தோலைச் சிவந்த உட்புறம் வானைப் பார்க்க அக்கள்ளியின் அடியில் வைத்துப் போனாள். மழை வந்தது. கள்ளியில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. டெல்ஃபினா வாரந்தோறும் வந்து, அதன் உடலின் மடிப்பு வரிகளுக்கிடையே விரல் விட்டுப் பார்த்தாள். நீரின்றி ஒடுங்கிய பள்ளங்களில் விரல் ஆழ இறங்கியது. குளிர்காலம் முழுதும் அப்படியே.

அடுத்த ஆண்டு மழைக்குப் பின் வந்தபோது, அவள் கட்டிய கயிறு தோலை அழுத்திக்கொண்டிருந்தது. முடிச்சை அவிழ்க்கவே நகம் நோவும் அளவுக்கு இறுகியிருந்தது. அவள் கயிற்றை இறுக்கவில்லை, கள்ளி பருத்திருந்தது. வேர் குடிக்கத் தொடங்கியிருந்தது.

துணியை விலக்கித் தென்புறத்தைத் தடவினாள். வெந்த இடம் பழுப்பேறி மரப்பட்டைபோல் இறுகியிருந்தது. அது இனி விரியாது. அதன் இருமருங்கும் பசுந்தோல் புடைத்து நின்றது. துணியைச் சரிசெய்து, கயிற்றைத் தளர்த்தி, கள்ளி இன்னும் பருப்பதற்கு இடம் விட்டுக் கட்டினாள்.

மேற்கிலிருந்து புழுதிக்காற்று எழுந்தது. சென்ற குளிர்காலத்தில் நட்டவை இன்னும் பார்க்கக் கிடந்தன. அவள் ஏணியை வண்டியில் எறிந்துவிட்டுப் புறப்பட்டாள்.