பேருந்தில்லாத பலகை

எங்கள் அலுவலகத்தின் மேற்கு ஜன்னலில் உடைந்த கண்ணாடியை மறைத்துக்கொண்டு ஒரு தகரப் பலகை நிற்கிறது. மஞ்சளில் கறுப்பு எழுத்து: கொட்டாம்பட்டி – அவனியாபுரம். எழுத வைத்தவர் எங்கள் திட்ட அதிகாரி மேடம். பேருந்துக்கு அனுமதி வருவதற்கு முன்பே சொந்தச் செலவில் எழுதி வாங்கிவிட்டார். "போர்டு தயாரா இருந்தா, வெக்கப்பட்டாவது பஸ்ஸக் குடுப்பாய்ங்க தம்பி" என்று சிரித்தார். பொருளாதாரம் படித்த கையோடு, மாவட்டத்தையே மாற்றிவிடலாம் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். வளர்ச்சிக் கொள்கை ஒரு விடிகாலைப் பேருந்தை நம்பித் தொங்கும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை.

கொட்டாம்பட்டிப் பக்கம் கடலை காய்ந்துபோன வருஷம், அங்குள்ள பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுத்தோம். எத்தனை பேர் பயின்றார்கள் என்று எழுதியதோடு திட்டம் முடிந்துவிடும். அவனியாபுரத்துத் தையல் ஆலைகளில் வேலை காத்திருந்தது. காலை ஷிப்டுக்குப் போய்ச் சேரத்தான் வழியில்லை. திருச்சிப் பேருந்துகள் நிற்காமல் பறக்கும். ஆலை வாசல்வரை கொண்டுபோய் விடுவதும் திட்டத்தில் சேர வேண்டும் என்று அதிகாரி மேசை மேசையாக அலைந்தார். போக்குவரத்து உங்கள் துறையா என்று கேட்டுத் திருப்பினார்கள். 'சோதனை ஓட்டம்' என்று பெயரை மாற்றிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

பேருந்து ஓடியது. முதல் சீட்டை ஓர் அக்கா பிடித்துவிடுவார். கணவர் படுத்த படுக்கை. "ஏக்கா, அம்புட்டு சீட்டையும் கிரயம் பண்ணிட்டியா, தள்ளி உக்காரு" என்று பின்னாலிருந்து குரல் வரும். சேர்ந்தவர்களில் ஒருத்திகூட வேலையை விட்டு நிற்கவில்லை. வண்ணவண்ணமாக அறிக்கை தயாரித்தேன், கூட்டத்தில் கைதட்டினார்கள். 'சோதனை வெற்றிகரமாக நிறைவு' என்று குறித்துவிட்டுப் பேருந்தை எடுத்துக்கொண்டார்கள். சோதனைதானே, முடிந்துவிட்டதாம்.

செய்தியைத் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று அதிகாரி என்னையும் கூட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்பினார். பேருந்திலிருந்து கழற்றிக் கொடுத்த பலகையும் ஜீப்பில் கிடந்தது. கொட்டாம்பட்டி நிறுத்தத்தில் அதைப் பார்த்ததும் அந்த அக்காவின் முகம் மலர்ந்தது. "போர்டு வந்துருச்சு! பஸ்ஸு பின்னாடி வருதா மேடம்?"

அதிகாரி சொன்னார். அக்கா ஜீப்பை ஒட்டி வந்து நின்றார்.

"இன்னைக்குப் போகலைன்னா ஆளை மாத்திருவாய்ங்க மேடம். அவுக மருந்தே இந்தச் சம்பளத்துலதான் ஓடுது."

மடியில் ஒருத்தர், காலடியில் ஒருத்தர் என்று முடிந்த வரைக்கும் ஜீப்பில் ஏற்றினோம். மற்றவர்கள் சாப்பாட்டுப் பையோடு நின்றார்கள். ஆலை வாசலில் இறங்கியபோது அந்த அக்கா கேட்டது ஒரே சொல்: "நாளைக்கு?" அந்த வாரம் முடிவதற்குள் எல்லார் இடத்திலும் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதிகாரியை மாற்றிவிட்டார்கள். இப்போது கொட்டாம்பட்டிக்கு இரண்டாவது பயிற்சி மையம் வரப்போகிறது. பயின்றவர்களுக்கு வேலை இல்லையே, அதனால் பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். பேருந்து பற்றி நான் எழுதிய பத்தியை அடித்துவிட்டார்கள். மீதியைத்தான் இன்று தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். கூட்டிப் பெருக்க வந்த அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் போர்டைப் பழைய இரும்புக்குப் போட்ரவா?"

"இருக்கட்டும்ணே."

"ஏன், பஸ்ஸு வருதா?"