வீட்டுக்குள் போடாத சப்பாத்து

சிவானந்தனின் கால்கள் அவரோடு கதைப்பதை நிறுத்தி மூன்று வருடமாகிவிட்டது. அப்படிச் சொன்னது டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் கால் பார்க்கும் தாதி. சலரோகம், அந்தச் சர்க்கரை வியாதி, இருபது வருடமாக உடம்பில் குடியிருந்ததில் கணுக்காலுக்குக் கீழே நரம்புகள் செத்துப்போயிருந்தன. தாதி அவரைக் கண்ணை மூடச் சொல்லி, விறைப்பான நைலோன் நூலால் உள்ளங்காலில் பத்து இடத்தில் குத்தினாள். சிவானந்தன் கண்ணை மூடிக்கொண்டு, அவள் எப்போது தொடங்கப் போகிறாள் என்று காத்திருந்தார். அவளோ குத்தி முடித்துக் கையும் கழுவிவிட்டாள்.

"இனி உன்ர கால் உனக்கு ஒண்டும் சொல்லாது. நீதான் அதைப் பாக்கோணும், ஒவ்வொரு நாளும். ஒரு கொப்புளம் போதும், கால் போயிடும்" என்றாள்.

இதில் பாதியை அவர் மனைவி ராசமலருக்குச் சொன்னார். வேலையிடத்தில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. வருத்தத்தை ஊருக்குச் சொல்லித் திரிகிற பழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை.

சண்டிலிப்பாயிலிருந்து இருபத்துநாலு வயதில் வந்தவர். இப்போது அறுபத்தொன்று. முப்பத்தொரு வருடமாக ஒரே தொழிற்சாலையில், பையில் தூள் அடைக்கும் பகுதியில் வேலை. அங்கே காலையில் "மோர்ன்" என்று ஒரு சொல், மூன்றரை மணிக்கு வேலை முடிந்து போகும்போது "ஹை ஹை" என்று இரண்டு சொல். இவ்வளவுதான் டெனிஷ்காரரோடு அவருக்கு இருந்த புழக்கம். அதை மாற்றியவர் பக்கத்து இயந்திரத்தில் நின்ற கியெல்ட். ஆறு வருடத்துக்கு முன்பு, "சனிக்கிழமை காட்டுக்கு வாறியா? மான் விரட்ட ஆள் காணாது" என்று கேட்டார். சிவானந்தன் போனார். தடியால் மரத்தைத் தட்டிக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். சின்ன மான்கள் வெருண்டு, அந்தப் பக்கம் சுடுவதற்குத் துவக்கோடு நிற்பவர்களை நோக்கி ஓடும். மத்தியானம் காட்டுக் குடிலில் எல்லாரும் ஒரு மேசையில் இருந்து கறுப்புப் பாண் சாப்பிட்டார்கள். அந்த மேசையில் அவரைத் தோளில் தட்டி "சிவா" என்று கூப்பிட்டார்கள். முப்பது வருடத்தில் அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

நாலு வருடம் தடியோடு நடந்தவருக்குத் துவக்கோடு நிற்க ஆசை வந்தது. வேட்டைப் பரீட்சையை டெனிஷில் எழுதினார். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினார். கியெல்டின் குழுவில் ஏழு பேர். அதில் ஒருவர் வயதாகி விலகியதால் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த வருடம் சிவானந்தன் விருந்தாளியாக இரண்டு வேட்டைக்கு வர வேண்டும். இரண்டாவது முடிந்ததும் மற்ற ஆறு பேரும் கூடி, அவரைச் சேர்ப்பதா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

"அங்க துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த மனுசன். இஞ்ச காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போகுது" என்று ராசமலர் சமையலறையில் நின்று சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"துவக்கு இப்போதைக்குக் கியெல்டின்ர. நான் வாங்கிறது சப்பாத்து மட்டும்."

சப்பாத்து வாங்க கியெல்டும் கூட வந்தார். ஹேர்னிங்கில் வேட்டைச் சாமான் விற்கும் கடை. கியெல்டின் கட்டளைப்படி பின்னேரம்தான் போனார்கள். காலையில் கால் சிறுத்திருக்கும், பின்னேரம்தான் அதன் உண்மையான அளவு தெரியும். வேட்டைக்குப் போடப்போகும் தடித்த கம்பளிக் காலுறையையே போட்டுக்கொண்டு சிவானந்தன் போனார்.

கடையில் நின்ற பெண்ணின் பெயர் அன்னா. அவளும் வேட்டைக்காரி. அவள் அவசரப்படவில்லை. நாலு சோடியின் உள் அட்டையை வெளியே இழுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் அவரை ஏறி நிற்கச் சொன்னாள். விரல் அட்டைக்கு வெளியே போன இரண்டு சோடியை உடனே பெட்டிக்குள் வைத்தாள். மிச்ச இரண்டில் ஒன்றைப் போட்டதும், கடை மூலையில் இருந்த சரிவுப் பலகையில் இறங்கச் சொன்னாள். இறங்கும்போது விரல் முன்னால் முட்டக்கூடாது, ஏறும்போது குதிகால் கிளம்பக்கூடாது. தையல் குறைந்த தடித்த தோல், தண்ணீர் புகாத உட்படை, தேய்ந்தால் மாற்றக்கூடிய அடி. ஒழுங்காகக் கொழுப்புப் பூசினால் பதினைந்து வருடம் உழைக்கும் என்றாள்.

"என்ர பதினாலு வருசம். கலியாணம் அவ்வளவு நிக்கேல்லை" என்றார் கியெல்ட்.

அன்னா சிரித்துவிட்டுச் சிவானந்தனின் காலடியில் குந்தி, வலது சப்பாத்தின் வெளிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். "இந்தக் கால் கொஞ்சம் அகலம். இதில எங்கையும் அமத்துதா?"

"இல்லை" என்றார்.

உண்மையைத்தான் சொன்னார். அவருக்கு எங்கும் எதுவும் அமத்துவதில்லை. ஏன் அமத்துவதில்லை என்பதை மட்டும், கியெல்ட் பக்கத்தில் நின்றதால், சொல்லாமல் விட்டார்.

காசு கட்டும்போது அன்னா சொன்னாள்: "இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் வீட்டுக்குள்ள போட்டு நட. கழற்றினவுடன காலைப் பார். எங்கையாவது சிவந்திருந்தா கொண்டு வா, அகலமானது தாறன். அடி மட்டும் ஊத்தையாகக்கூடாது."

வீட்டுக்குள். அவள் அதை வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் சிவானந்தன் பேச்சை எடுத்தார். "இஞ்சேர், இதைப் போட்டு வீட்டுக்குள்ள நடக்கட்டாம்."

"ஆற்ற வீட்டுக்குள்ள?"

"எங்கட வீட்டுக்குள்ளதான்."

"கந்தசட்டி வருது. வீடு முழுக்கக் கழுவி வைச்சிருக்கிறன். சாமி அறை இருக்கிற வீட்டுக்குள்ள மாட்டுத்தோல் சப்பாத்தோ? கடைக்காரியின்ர வீட்டில போய் நடவுங்கோ!"

அவர் சிரித்தார். உண்மையில் அவள் சம்மதித்திருந்தாலும் அவரால் முடிந்திராது. மறுநாள் ராசமலர் குளித்துக்கொண்டிருந்த நேரம் வாசலில் இருந்து இரண்டையும் போட்டு, கயிறும் கட்டி எழும்பிப் பார்த்தார். நிலைப்படியைத் தாண்டக் கால் எழவில்லை. ஹீட்டர் திருத்த வந்தவனுக்கே சப்பாத்துக்கு மேல் போடப் பிளாஸ்ரிக் உறை கொடுத்து உள்ளே விட்ட வீடு அது. கராஜ் சீமெந்தில் நடக்கலாம், ஆனால் அடி ஊத்தையாகிவிடும், பிறகு மாற்றித் தரமாட்டார்கள். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கார்.

பதினாலு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு, வாசலில் நின்ற காருக்குள் ஏறுவார். கால் வைக்கும் இடத்தில் கடை விளம்பரத் தாளை விரிப்பார். சப்பாத்தைப் போட்டு, அன்னா காட்டியபடி கணுக்காலில் ஒரு முடிச்சு, மேலே ஒரு முடிச்சு. சீற்றைச் சரித்து, தொலைபேசியில் தமிழ் வானொலியைப் போட்டுக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருப்பார். நாயோடு போன பக்கத்து வீட்டுப் பெண் கண்ணாடியில் தட்டி, வீட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டு வெளியே இருக்கிறாரா என்று கேட்டாள். டோஸ்ட்ருப்பில் இருக்கும் தங்கச்சி பவளராணிக்கு ராசமலர் தொலைபேசியில் சொன்னாள்: "நான் உள்ள விரதம் பிடிக்கிறன். உன்ர அத்தார் வெளியில காருக்குள்ள தவம் இருக்கிறார்."

ஒவ்வொரு நாளும் கழற்றியதும் ராசமலரின் கைக்கண்ணாடியை வைத்துக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சிவப்புப் புள்ளியும் இல்லை. திருப்தியாக இருந்தது. அந்தப் பதினாலு நாளில் அந்தச் சப்பாத்து ஓர் ஆளின் பாரத்தையும் தாங்கவில்லை, அதற்குள் இருந்த கால் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

சூரன்போர் முடிந்த சனிக்கிழமை முதல் வேட்டை. ஈரமான புற்றரை, வாய்க்கால், பிறகு ஊசியிலைக் காடு. மத்தியானத்துக்குள் ஆறேழு கிலோமீற்றர் நடந்திருப்பார்கள்.

"சப்பாத்து எப்பிடி?" என்று கேட்டார் கியெல்ட்.

"காலில இருக்கிறதே தெரியேல்லை."

"அதுதான் நல்ல சப்பாத்து!"

இரண்டு மணிக்கு ஒரு மான் அவர் பக்கம் ஓடி வந்தது. ஒரு வெடி, விழுந்துவிட்டது. வேட்டைக்காரர் வழக்கப்படி அன்று விழுந்த மான்களைத் தழைமேல் கிடத்தி, கொம்பு ஊதி, அவர் தொப்பியில் ஒரு கிளையைச் செருகினார்கள். எல்லாரும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். வீடு வரைக்கும் அந்தத் தொப்பியைக் கழற்றாமல் கார் ஓட்டி வந்தார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது வலது காலுறை கழன்று வரவில்லை. ஒட்டியிருந்தது. குளியலறையில் கதவைப் பூட்டித் தண்ணீர் ஊற்றி உரித்தார். சின்னவிரலின் அடியில், வெளிப்பக்கம், ஒரு குரோனர் நாணயமளவு தோல் இல்லை. உள்ளே சிவப்பு. அவர் அதை விரலால் தொட்டார். வேறொருவரின் காலைத் தொடுவதுபோல இருந்தது.

கால் பார்க்கும் தாதியின் தொலைபேசி இலக்கம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். ஆறு கிழமைக்குக் கால் ஊன்றாதே என்பாள். அடுத்த வேட்டைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. வராதவனை யார் சேர்ப்பார்கள்? மருந்துத் துணி வாங்கிக் கட்டினார். நாளுக்கு இரண்டு தரம் மாற்றினார். நொண்டத் தேவை இருக்கவில்லை, நோவே இல்லையே.

"இந்த மனுசன் ஏன் தன்ர சொக்ஸைத் தானே தோய்க்குது?" என்று ராசமலர் கேட்டாள்.

"வேட்டைச் சேறு. உனக்கேன்?"

இரண்டாம் வேட்டையன்று காயம் சாம்பல் நிறமாக இருந்தது. ஓரம் கறுத்திருந்தது. இரண்டு மடங்கு துணி வைத்து, அதே சப்பாத்தை இறுக்கிக் கட்டினார். முழுநாளும் நடந்தார். பின்னேரம் குடிலில் ஆறு பேரும் அவரை ஐந்து நிமிடம் வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது கியெல்ட் ஒரு சின்னக் கிளாஸை நீட்டி, "இனி நீ விருந்தாளி இல்லை, சிவா. முதல் வேலை, வாற முறை கோப்பி நீதான் போடோணும்" என்றார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அவருக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் தொடங்கியிருந்தது. சந்தோசத்தில் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஓல்போர்க்கில் வேலை பார்க்கும் மகள் நிரோஜினி வந்தாள். சோபாவில் போர்வையோடு கிடந்த தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்து, இது என்ன மணம் என்று டெனிஷில் கேட்டாள்.

"ஒண்டுமில்லை பிள்ளை."

அவள் போர்வையைத் தூக்கினாள். காலுறையை இழுத்தாள். பிறகு தாயைப் பார்த்துக் கத்தினாள். ராசமலர் சாமி அறையிலிருந்து திருநீற்றுக் கையோடு ஓடிவந்து, பார்த்து, அந்தக் கையாலேயே அவர் நெற்றியைத் தொட்டாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் சின்னவிரலையும் அடுத்ததையும் எடுத்தார்கள். எலும்புக்குள் சீழ் ஏறியிருந்தது. ஐந்தாம் நாள் மிச்ச மூன்றையும் எடுத்தார்கள். அதற்கு மேலும் கொஞ்சம்.

கியெல்ட் பார்க்க வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு கட்டிலோரம் நின்றார். "சலரோகம் எண்டு ஏன் சொல்லேல்லை? என்ர அண்ணனுக்கும் உள்ளதுதான். நாங்கள் உனக்கு ஒரு கதிரை போட்டிருப்பமே. இருந்தபடியே சுடலாம். பாதிப் பேர் இப்ப அப்பிடித்தான்."

கியெல்ட் போன பிறகு சிவானந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரித் தாதி துணியைச் சுற்றிச் சுற்றி எடுக்க, அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ராசமலர் கட்டில் காலடியில் நின்றாள்.

"எவ்வளவு கிடக்கு?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, பிறகு எடுத்தாள். "குதி இருக்கு."

"வேற?"

"நடுப்பாதம் கொஞ்சம். தையல் நேராப் போட்டிருக்கினம்."

தாதி புதுத் துணி எடுக்கத் திரும்பினாள். சிவானந்தன் கண்ணைக் கூரையிலிருந்து எடுக்காமலே, "மற்றக் காலைப் பார்" என்றார்.

ராசமலர் இடது பக்கப் போர்வையை ஒதுக்கினாள். காலைக் கையில் ஏந்தி, குதியைப் பார்த்தாள், உள்ளங்காலைப் பார்த்தாள். "ஒண்டும் இல்லை" என்றாள்.

"விரலுக்கு இடையிலயும் பார்" என்றார்.