இடி இடிச்சா அம்மா போன ஆஃப் பண்ணிடுவாங்க

இடிக்கு எங்கம்மா அளவுக்கு பயந்த ஆள நீங்க பாத்திருக்கவே முடியாது. கிள்ளான்ல எங்க தாமான் வீட்டு வரிசை மேல வானம் லேசா இருட்டினா போதும், டிவி, ஃப்ரிஜ், வைஃபை டப்பான்னு எல்லா ப்ளக்கையும் புடுங்கிடுவாங்க. ஜன்னல் பக்கம் போகக்கூடாது. பைப்ப தொறக்கக்கூடாது. வாசல் கிரில்ல தொட்டா முதுகுல ஒண்ணு விழும், இரும்பாச்சே. கடைசியா தன்னோட ஹேன்ட்போன ஆஃப் பண்ணி அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடிடுவாங்க.

அன்னிக்கு எனக்கு எட்டு வயசு இருக்கும். சாயங்காலம் குளிச்சிட்டு இருந்தேன், தல பூரா ஷாம்பு. டமார்னு ஒண்ணு. பில்டப் இல்ல, பாத்ரூம் கதவே ஆடுச்சு. கரண்ட் போச்சு. இருட்டுக்குள்ள அம்மா கை வந்து என்னை நுரையோட வெளிய இழுத்துச்சு.

"தண்ணி வழியா வரும்டா, வா!"

ஹால் நடுவுல டவல சுத்தி உக்கார வச்சாங்க. கண்ணு எரியுது, கழுவ விடல.

"இடிக்கு ஷாம்பு மண்டைன்னா ரொம்ப புடிக்குமாம்"னு அக்கா காதுல ஊதினா. நான் நம்பிட்டேன் லா. டவல எடுத்து மண்டைய மூடிக்கிட்டேன்.

அப்பதான் உறைச்சுது. அப்பா வேலை முடிஞ்சு பந்திங்லேர்ந்து மோட்டார் பைக்ல வர்ற நேரம். அந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் செம்பனை மரத்தோட்டம், நடுவுல அவரு மட்டும்.

"ம்மா, அப்பாவுக்கு போன் பண்ணு."

"இடிக்குதுல்ல. போன தொடக்கூடாது."

"நான் பண்றேன்."

"தொட்டா கைய ஒடிச்சிடுவேன்."

அக்காவும் கெஞ்சினா. அதே பதில்தான். அரிசி டின்ன ஹாலுக்கே இழுத்துட்டு வந்து அது மேல உக்காந்துட்டாங்க. அடுத்த மின்னல்ல அவங்க மூஞ்சி வெளுத்துப்போய் தெரிஞ்சுது. அப்பாவ விட இவங்களுக்கு இடிதான் பெருசான்னு எனக்கு ஆத்திரம். அழுறேனா, ஷாம்பு எரியுதான்னு தெரியாம கண்ணு ஊத்திட்டே இருந்துச்சு. ஒவ்வொரு இடிக்கும் அப்பா ஹெல்மெட் மேலதான் விழுந்துச்சுன்னு தோணுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு வாசல்ல மோட்டார் சத்தம்.

அம்மா பாய்ஞ்சாங்க. இடி இன்னும் நிக்கல. நாங்க விரல் கூட வைக்கக்கூடாத அந்த இரும்பு கிரில்ல ஒரு கையால புடிச்சு உலுக்கிக்கிட்டே இன்னொரு கையால பூட்டுல சாவிய போடுறாங்க, அது நுழைய மாட்டேங்குது.

அப்பா சொட்ட சொட்ட நின்னாரு. "பஸ் ஸ்டாப்ல ஒதுங்கியிருக்கேன்னு சொல்ல எத்தன வாட்டி அடிச்சேன்! ஏன் போன் ஆஃப்பு?"

அம்மா என் மண்டைல இருந்த டவல உருவி அவரு தலைய தொடச்சாங்க. அவரு முடியெல்லாம் என் ஷாம்பு நுரை.

போன வருஷம் காலேஜ் லீவுல அதே மாதிரி மழை. அப்பா வெளிய. அம்மா போன ஆஃப் பண்ணப் போனாங்க. நான் பெரிய இவனாட்டம் ஆரம்பிச்சேன்.

"ம்மா, சார்ஜ்ல போடாத வரைக்கும் வீட்டுக்குள்ள ஹேன்ட்போன் சேஃப் லா. இடிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"தெரியும்டா."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே."

"அப்புறம் ஏன்?"

அம்மாவோட தம்பி, எங்க மாமா, மழைல மோட்டார் சறுக்கி இறந்தப்ப எனக்கு ஆறு வயசு. அன்னிக்கு போன எடுத்தது அம்மாதான்.

ஸ்க்ரீன் அணையுற வரைக்கும் பட்டன அமுக்கிட்டே சொன்னாங்க.

"அடிச்சா எடுக்கணும்ல."