ஒரு ஹரிக்கு வா, இரண்டு ஹரிக்கு நில்

எங்கள் மலையில் எல்லாரும் சண்டை போடாமல் பங்கிட்டுக்கொண்ட சொல் ஒன்று உண்டென்றால் அது ‘ஹரி’தான். சிங்களச் சொல். சரி என்று பொருள். ஆனால் அதோடு அது நிற்பதில்லை. பஸ் கண்டக்டர் ‘ஹரி’ என்றால் பஸ் புறப்படும். தேத்தண்ணி ஊற்றும்போது ‘ஹரி’ என்றால் போதும். புருஷன் பெண்டாட்டி சண்டையில் ஒருவர் ‘ஹரி ஹரி’ என்றால், இதற்கு மேல் வாயைத் திறக்காதே. போ என்பதற்கும் நில் என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, இத்தனை வளைவுள்ள ரோட்டில் நாங்கள் எப்படி உயிரோடு இருக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. நான் தமிழ் டீச்சர். கேட்டிருக்க வேண்டியவள் நான்தான்.

எனக்கு லைசன்ஸ் கிடைத்தது ஐம்பத்தொரு வயதில், மூன்றாவது தடவையில். முதல் இரண்டு தடவையும் மழை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கும் முன்பே, ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்காத காலத்திலேயே, தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஓடிய பஸ் டிரைவர்களுக்கெல்லாம் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்து உட்கார்ந்துகொள்வேன். “தம்பி, முடக்குல ஓவர்டேக் பண்ணாதீங்க.” “தம்பி, அந்தப் போனைக் கீழ வைங்க, நாங்க முப்பது பேரு பின்னாடி இருக்கோம்.” ஒரு கண்டக்டர் எனக்கு ‘டிராபிக் டீச்சர்’ என்று பெயர் வைத்தான். கேலிக்குத்தான் வைத்தான். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

பழைய சின்னக் கார் ஒன்று சொந்தமாக வந்ததும் என் அட்டகாசம் கூடியது. ஒரு நாள் நான் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே லீக்ஸ் மரக்கறி ஏற்றிய லொறி இறங்கி வந்தது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். இதை அந்த டிரைவருக்கு விளக்குவதற்காகக் காரை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதாங்க டீச்சர், ஹேண்ட்பிரேக் போட்டீங்களா?” என்றான். திரும்பிப் பார்த்தால் கார் தன்பாட்டில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, மண்மேடு தாங்கிக்கொண்டது. இந்தச் சம்பவத்தைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், லொறிக்காரனுக்குச் சட்டம் தெரியவில்லை என்ற பகுதியை மட்டும்.

எங்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தேயிலைக்கு நடுவே போகிற ஒடுக்கமான பாதையின் முடிவில் இருக்கிறது. ஒரு பக்கம் மண்மேடு. மறுபக்கம் மழைத்தண்ணி ஓடுகிற கான். காரை உள்ளே கொண்டுவரலாம், திருப்ப இடமில்லை. தினமும் காலையில் பின்பக்கமாகவே எடுத்து ரோட்டுக்கு வர வேண்டும். அதற்கு எனக்குக் கண் என் வீட்டுக்காரர்தான். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மெஷின்களோடு இருந்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் பழகியதால் எதையும் நீட்டிப் பேச மாட்டார். காருக்குப் பின்னால் நின்று ‘ஹரி’ என்று ஒரு தடவை சொன்னால் வா. ‘ஹரி ஹரி’ என்று இரண்டு தடவை சொன்னால் நில். இந்த இலக்கணத்தை வகுத்தவள் நான். ஒரு சொல் பல பொருள் என்ற பாடத்துக்கு இதையே உதாரணமாகச் சொல்லி, பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கைதட்டலும் வாங்கினேன்.

அவர் இருக்கிற தைரியத்தில் நான் பின்னால் பார்ப்பதையே விட்டுவிட்டேன். உள்கண்ணாடி, என் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க வசதியாக, என் முகத்துக்கு நேரே திரும்பியிருந்தது.

அன்றைக்குப் பனிமூட்டமும் தூறலும். கார் பின்னால் நகர ஆரம்பித்தபோது போன் அடித்தது. எங்கள் பாடசாலை அதிபர். பஸ் டிரைவர்களிடம் சொன்ன அத்தனையும் எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. ஆனால் இது ரோடு இல்லையே, என் வீட்டு வாசல்தானே என்று மனசு எனக்கு வக்காலத்து வாங்கியது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டேன். யாரோ ஒரு டீச்சர் வரவில்லையாம். முதல் பாடத்துக்கு நான் போக முடியுமா என்று கேட்டார். “வந்துக்கிட்டே இருக்கேன் சார்” என்றேன்.

“ஹரி, வாங்க டீச்சர், வாங்க!” என்றார் அதிபர்.

நான் வந்தேன்.

பின்னால் நின்றவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் காதில் விழுந்தது போனில் வந்த ஹரி மட்டும்தான். கார் எதன்மேலோ ஏறி இறங்கியது. கல் என்று நினைத்தேன். அதன் பிறகு ஓர் அலறல் கேட்டது. இறங்கி ஓடிப் பார்த்தால் அவர் கானுக்குள் உட்கார்ந்து வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். செருப்பு டயருக்கு அடியில் கிடந்தது. அவரைத் தூக்குவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். கையிலிருந்த போனில் அதிபர் “ஹலோ, ஹலோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை அணைத்துச் சேலை மடிப்புக்குள் செருகினேன். வலியில் என் வீட்டுக்காரர் அதைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதத்தில் இரண்டு எலும்பு உடைந்திருந்தது. எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தப்பு தன்மேல்தானாம். இரண்டு ஹரி சொல்ல வேண்டிய இடத்தில் பதற்றத்தில் ஒரு ஹரிதான் சொல்லிவிட்டாராம். டொக்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஹரி, ஹரி” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். நான் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டேன். அந்த நேரத்தில் சிரித்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் இதையே சொன்னார். “அவ நல்லாத்தான் எடுத்தா. நான்தான் சொதப்பிட்டேன். வாயில ஒன்னுதான் வந்துச்சு.” வந்தவர்கள் என்னைப் பாவம் என்றார்கள். “டீச்சர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்” என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வலி குறையட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வலி குறைந்தது. மாவுக்கட்டைப் பிரிக்கட்டும் என்றிருந்தேன். தள்ளிப்போடுவதற்கு எனக்கு ஒருபோதும் காரணம் கிடைக்காமல் போனதில்லை.

இதற்கிடையே பாடசாலையில் வீதிப் பாதுகாப்பு வாரம் வந்தது. யார் பேசுவது? டிராபிக் டீச்சர் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? தலைக்கவசம், சீட் பெல்ட், வளைவில் ஹார்ன், பனியில் லைட் என்று வெளுத்து வாங்கினேன். போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டுபவர்களைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே உயர்ந்தது. கடைசியில் ஹரி கதையைச் சொன்னேன், என் வீட்டுக்காரர் சொல்கிற மாதிரியே. மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. முன்வரிசை நாற்காலியில் இவர், ஊன்றுகோலும் மாவுக்கட்டுமாக, எழுந்து நின்று பிள்ளைகளுக்குக் கையைக் காட்டினார். ஊருக்குத்தான் உபதேசம் என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்.

அத்தோடு போயிருந்தால் நான் இதைச் சொல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பேன். என் தோல் அவ்வளவு தடிப்பு. ஆனால் அவர் ஹரி சொல்வதை நிறுத்திவிட்டார். நான் முதலில் கவனிக்கவில்லை. ஒரு நாள் தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பை நிரம்பி அவர் கையில் வழிந்தது. “ஏங்க, ஹரின்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“அந்தச் சொல்லு வேணாம்” என்றார். “போதும்னு சொல்லத்தான் பாத்தேன். வாயில வர கொஞ்சம் நேரமாகுது. பழகிரும்.”

அறுபத்துமூன்று வயது மனுஷன், பால்குடி மறந்த நாளிலிருந்து வாயில் இருந்த சொல்லைத் தேடித் தேடி எடுத்து எறிந்துகொண்டிருந்தார், நான் மறைத்து வைத்த ஒரு போனுக்காக. அன்றைக்கும் நான் சொல்லவில்லை. துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன்.

மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு வாரம் கழித்து, காலையில் நான் காரில் ஏறியபோது அவர் பழையபடி பின்னால் வந்து நின்றார். கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் வந்தார். நான் இன்னும் சாவியைக்கூடத் திருப்பவில்லை. அதற்குள் அங்கிருந்து சத்தம் வந்தது. “நில்லு! நில்லு!”

என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடினேன். பின்னால் ஒன்றுமில்லை. அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

“சும்மாதான்” என்றார், வெட்கத்தோடு. “சரியா வருதான்னு சொல்லிப் பாத்தேன். இந்தத் தடவ தப்பு வுட மாட்டேன், நீ பயப்படாம எடு.”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பாதை நடுவே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். போன் அடித்தது, அதிபர் வாங்க என்றது, நான் வந்தது, போனைச் சேலைக்குள் ஒளித்தது, எல்லாம். “நீங்க ரெண்டு ஹரிதாங்க சொல்லியிருப்பீங்க. நான்தான் கேக்கல.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும். அவர் கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தார். அப்புறம் தன் பாதத்தைப் பார்த்தார்.

“ரெண்டுதான் சொன்னேனா?” என்றார்.

“ரெண்டுதாங்க.”

“போனைக் குடு.”

கொடுத்தேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மண்மேட்டைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பாடசாலைக்கு நேரமாகிவிட்டது. நான் காரில் ஏறி, கண்ணாடியை என் முகத்திலிருந்து திருப்பி, பின்னால் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.